பழைய பாய்மரப் படகு வாங்கும் முன்

பாய்மரப் படகு என்றதும், "அது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, தோட்டப்புறத்தில் இருக்கும் நமக்கு அதில் என்ன வேலை?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். லுமுட், லங்காவி போன்ற இடங்களில் உள்ள படகுப் பட்டறைகளில் நம் பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்களின் படகுகளைக் கரையேற்றி அடிப்பாகத்தைத் தேய்ப்பது, சாயம் பூசுவது, எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. நாள் முழுதும் பிறர் படகைத் தேய்க்கும் கைக்கு, தனக்கென்று ஒன்று இருந்தால் என்ன என்று தோன்றத்தானே செய்யும்? நம் நாட்டின் அசார் மன்சோர் 1999ஆம் ஆண்டில் தனியாளாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்ததை நாடே கொண்டாடியது. அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஆசைக்குப் பணம் போடுவது சில வீடுகளில் அப்பாவின் சேமநிதியாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது 20 முதல் 28 அடி வரை நீளமுள்ள, கரையை ஒட்டி ஓடும் சிறு படகுகளைப் பற்றி. உள்ளே இரண்டு மூன்று பேர் படுக்கலாம். ஒரு சிறிய அடுப்பு வைக்கலாம். 1960களிலும் 70களிலும் ஃபைபர் கிளாஸில் படகு கட்டும் முறை பரவியபோது இத்தகைய படகுகள் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டன. அமெரிக்காவின் 'கேட்டலினா 22' மட்டுமே 15,000க்கு மேல் வெளிவந்தது. இங்கிலாந்தின் 'வெஸ்டர்லி சென்டார்' என்ற 26 அடிப் படகு, 1969இலிருந்து சுமார் பத்தாண்டுகளில் 2,000க்கு மேல் விற்பனையானது. மரப்படகைப்போல் ஃபைபர் உளுத்துப் போவதில்லை. ஐம்பது வயதான படகும் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. வைத்திருப்பவருக்குத்தான் வயதாகிவிடுகிறது! முழங்கால் வலி வந்து ஊர் திரும்ப நினைக்கும் வெள்ளைக்காரர், வந்த விலைக்குப் படகைத் தள்ளிவிட்டு விமானம் ஏறுகிறார்.

அந்த மலிவில்தான் கண்ணி இருக்கிறது. வயது ஏற ஏறப் படகின் விலை இறங்கும். பாயின் விலை இறங்காது. புது எஞ்சினை விற்கும் தவுக்கே, "உன் படகு பழசு, பாதி விலை கொடு" என்று சொல்லப் போவதில்லை. பாய், பாய்மரத்தைத் தாங்கும் கம்பி வடங்கள், எஞ்சின் ஆகிய மூன்றையும் மாற்ற நேர்ந்தால், படகுக்குக் கொடுத்ததைவிட அதிகம் செலவாகலாம். ஆகவே "படகு என்ன விலை?" என்ற கேள்வி பாதிக் கேள்விதான். "ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர என்ன ஆகும்?" என்பதுதான் மீதி.

என் பழைய மாணவன் ஒருவன் அப்படி ஒரு 25 அடிப் படகை இருபதாயிரம் வெள்ளிக்குப் பேசி வைத்திருந்தான். பாதி, பட்டறையில் ஏழு ஆண்டு உழைத்த அவன் சேமிப்பு. மறுபாதி, பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற அப்பாவின் சேமநிதிப் பணம். அவன் அம்மா என் வீட்டிற்கு வந்து, "ஐயா, அவன் நீங்க சொன்னாத்தான் கேப்பான். அந்தப் படகு மிதக்குமா, இல்ல எங்களையும் சேர்த்து முழுக்கிடுமா, பாத்துச் சொல்லுங்க" என்றார். நான் கடலோடி அல்லன். ஆயினும் பட்டறைக்காரர்களோடு பழகிக் கேட்டதும், புத்தகத்தில் படித்ததும் கொஞ்சம் உண்டு. ஒரு சனிக்கிழமை காலையில் அவனும் அவன் அப்பாவும் நானுமாகப் போனோம்.

போனதும் எஞ்சின் பெட்டியைத் திறந்து தொட்டுப் பார்க்கச் சொன்னேன். சூடாக இருந்தது. "உங்களுக்காகத்தான் ஓட்டி வைத்தேன்" என்றார் விற்பவர். இருக்கலாம். ஆனால் குளிர்ந்து கிடக்கும் எஞ்சின் உடனே கிளம்புகிறதா என்பதைத்தானே வாங்குபவர் பார்க்க வேண்டும்? கிளம்பிய பிறகு புகையைக் கவனியுங்கள். நீலப்புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர், புகைக்குழாய் வழியே தாராளமாக வெளியே கொட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்தது மேல்தளம். பழைய படகுகளில் அதிகமாக ஏமாறுவது இங்கேதான். பல படகுகளில் மேல்தளம் ஒரே கெட்டி ஃபைபர் அல்ல. மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, நடுவில் 'பால்சா' என்ற எடை குறைந்த மரம். ரொட்டிக்கு நடுவே காயா தடவியதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியும் கப்பியும் பொருத்தத் துளையிட்டு ஆணி முடுக்கிய இடங்களில், காலப்போக்கில் பசை காய்ந்து வெடிக்கும். மழைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். பால்சா ஊறி, அழுகி, கூழாகிவிடும். மேலே புதுச் சாயம் அடித்துவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. காதுக்குத் தெரியும். சிறு சுத்தியலாலோ கத்திப் பிடியாலோ அடிக்கு அடி தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் 'டக் டக்' என்று கணீரென ஒலிக்கும். கெட்ட இடம் 'தொப்' என்று மந்தமாக ஒலிக்கும். பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கத் தெரிந்த நமக்கு இது புதிய வித்தையா? அன்று பாய்மரத்தைச் சுற்றித் தட்டியபோது அந்த மந்த ஓசையை முதலில் பிடித்தவர் பையனின் அப்பாதான். "சார், இங்க சத்தம் வேற மாதிரி இருக்கே" என்றார். பையன் முகம் வாடிவிட்டது. நடந்து பார்த்தால் காலடியிலும் லேசாக அமுங்கியது.

பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பி வடங்கள் துருப்பிடிக்காத எஃகு. பெயர்தான் அப்படி. உப்புக் காற்றிலும் நம் ஊர் வெப்பத்திலும் அவை உள்ளுக்குள்ளேயே வெடிப்பு விடும். பத்து, பதினைந்து ஆண்டு ஆன வடங்களை மாற்றிவிடச் சொல்கிறார்கள். முனைகளில் பழுப்புக் கறையோ, அறுந்து நிற்கும் ஓர் இழையோ கண்டால் யோசிக்கவே வேண்டாம். எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். பாய்க்கு எதிரி காற்றல்ல, வெயில். தையலை விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நூல் பொடிந்து வந்தால் பாய் முடிந்தது.

நீர்மட்டத்திற்குக் கீழே தண்ணீர் வருவதற்கும் போவதற்கும் துளைகள் உண்டு. ஒவ்வொன்றிற்கும் ஒரு வால்வு இருக்கும். எல்லாவற்றையும் கையால் திருப்பிப் பாருங்கள். சாதாரணப் பித்தளையில் செய்ததைக் கடல்நீர் அரித்து இளஞ்சிவப்பாக்கிவிடும், தட்டினால் உதிரும். நீருக்குக் கீழே இரண்டடி ஆழத்தில் ஓர் அங்குலத் துளை விழுந்தால், நிமிடத்திற்குப் பல மண்ணெண்ணெய்த் தகரம் தண்ணீர் உள்ளே வரும். வாளியால் எவ்வளவு நேரம் இறைப்பீர்கள்?

படகின் அடியில் தொங்கும் கனமான பாரத்தைக் 'கீல்' என்பார்கள். அது உடலோடு சேரும் இடத்தில் வெடிப்போ துருக்கறையோ இருந்தால், தரைதட்டிய படகாக இருக்கலாம். அடிப்பாகத்தில் வேர்க்குரு போல் சிறு கொப்புளங்கள் இருந்தால் பயந்து ஓட வேண்டாம். பெரும்பாலும் அது பேரம் பேசத்தான் உதவும். இவற்றைப் பார்க்கப் படகைக் கரையேற்ற வேண்டும். அதற்குச் சம்மதிக்காதவரிடம் மேற்கொண்டு பேச்சு எதற்கு?

இதெல்லாம் முதல் பார்வைக்கு மட்டுமே. பணம் கைமாறும் முன் ஒரு சர்வேயரை நீங்களே அமர்த்துங்கள். விற்பவர் ஏற்பாடு செய்யும் ஆள் வேண்டாம். எங்கள் பையனும் அமர்த்தினான். ஈரம் பாய்மரத்தடியில் தொடங்கி முன்பக்கம் வரை பரவியிருந்தது தெரிந்தது. அதோடு பட்டறை வாடகை பல மாதம் பாக்கி. பாக்கி தீரும்வரை பட்டறைக்காரர் படகை விடமாட்டார். வாங்கியவன் தலையில்தான் அது விழும். விற்பவர் பதினான்காயிரத்துக்கு இறங்கினார். பையன் அப்பாவைப் பார்த்தான். அப்பா ஒன்றும் பேசவில்லை. "தளத்தைப் பிரிச்சு மாத்த எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டியா?" என்று கேட்டது அம்மாதான். போட்டான். விட்டுவிட்டான்.

சில மாதம் கழித்து, வேறோர் இடத்தில் எஞ்சினை வெளியே மாட்டும் 22 அடிப் படகு ஒன்றை ஒன்பதாயிரத்துக்கு வாங்கினான். தளம் கணீரென்றது. அப்பாவின் பணத்தில் பெரும்பகுதி வங்கியிலேயே இருக்கிறது.

பத்திரங்களைப் பற்றியும் ஒரு சொல். விற்பவர்தான் உண்மையான உரிமையாளரா, பதிவு எந்த நாட்டில் இருக்கிறது, கடன் ஏதும் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு. அங்கே வாங்கிப் பெருநிலத்திற்குக் கொண்டுவரும் படகுக்கு வரி உண்டா என்பதைச் சுங்க அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சம்பாதிக்கும் எண்ணம் இருந்தால் கடல்துறை அலுவலகத்தின் உரிமம் இல்லாமல் முடியாது.

வாங்கிய பிறகு முதல் ஆண்டு மேற்குக் கரையே போதும். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கிழக்குக் கரையை நினைக்கவும் வேண்டாம். மேற்கிலும் 'சுமத்ரா' என்னும் திடீர்ப் புயல்மழை உண்டு. விடியுமுன் வந்து மரத்தை நனைத்து, அன்றைய பால்வெட்டைக் கெடுக்கும் அதே மழைதான் இது. பெரும்பாலும் ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையில் மலாக்கா நீரிணை வழியாக வரும். மேற்கே கருமேகம் சுவர்போல் எழுந்தால், காற்று வந்து சேருமுன் பாயைச் சுருக்கிவிட வேண்டும். ஆளுக்கொரு மிதவைச் சட்டையின் விலையைப் படகின் விலையோடு சேர்த்தே கணக்கில் எழுதுங்கள்.