அடுத்த குளக்கட்டு மட்டும்
பல நாள் சைக்கிள் ஓட்டத்துக்கு ஆயத்தமாவது எப்படி?

மன்னார் மண்ணில் சைக்கிளை அறியாத குடும்பம் இல்லை. 1990களில் எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில் நெல் மூடையும் விறகும் நோயாளியும் அதன் மேல்தான் போயின. இடம்பெயர்ந்த வேளைகளில் பாரில் ஒரு பிள்ளை, கரியரில் அரிசியும் சட்டிபானையும், ஹான்டிலில் ஒரு தண்ணீர்க் கான் என்று வீடே இரண்டு சில்லுகளின் மேல் ஏறியது. அந்தப் பயணங்களை நாம் விரும்பித் தெரிந்தெடுக்கவில்லை.

இன்று நம் பிள்ளைகள் சிலர் தாமாக விரும்பி நீண்ட தூரம் ஓட ஆசைப்படுகிறார்கள். "பல நாள் ஓட்டமாம், எங்களால் முடியுமா?" என்ற பயமும் அவர்களைப் பிடித்துக்கொள்கிறது. பயம் வருவது குற்றமல்ல. அதை என்ன செய்வது என்பதே கேள்வி.

நீலகிரியின் 36 வளைவுகள்

கடலுக்கு அப்பால் தென்னிந்தியாவில் 'டூர் ஒஃப் நீல்கிரிஸ்' என்றொரு சைக்கிள் ஓட்டம் உண்டு. 2008 டிசம்பரில் முதன்முறை நடந்தது. ஏறத்தாழ எட்டு நாட்கள், நாளொன்றுக்கு நூறு கிலோமீற்றர் அளவில், கர்நாடகத்தின் சமவெளியிலிருந்து நீலகிரி மலைக்கு ஏறி இறங்கும் ஓட்டம் இது. வழி முழுவதும் பந்தயம் அல்ல. சில பகுதிகளில் மட்டும் நேரம் கணித்துப் போட்டி வைக்கிறார்கள். பங்குபற்றுவோரில் பெரும்பாலானோர் தொழில்முறை வீரர்கள் அல்லர். வேலைக்குப் போய் வந்து, விடிகாலையில் பயிற்சி செய்பவர்கள்.

அவர்கள் அதிகம் அஞ்சுவது கல்லட்டிப் பாதைக்குத்தான். மசினகுடியிலிருந்து உதகமண்டலத்துக்கு ஏறும் அந்தப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். உதகமண்டலமோ கடல்மட்டத்திலிருந்து 2,240 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இந்த மலைகளின் தேயிலைத் தோட்டங்கள் சில நமக்கு அந்நியமானவை அல்ல. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி நம் மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட மக்களின் வாழ்வாதாரத்துக்காகத் தமிழ்நாடு அரசு உருவாக்கிய தோட்டங்கள் அவை.

மலையில்லா ஊரில் பயிற்சி

மன்னாரில் மலை ஏது என்று கேட்கலாம். நம்மிடம் உயரமென்றால் குளக்கட்டுத்தான். ஆனால் காற்று உண்டு. 2020இல் மன்னார் தீவின் தென்கரையில் தம்பபவனித் திட்டத்தின் 30 காற்றாலைகளை நிறுத்தியதும் அந்தக் காற்றை நம்பித்தான். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் சோளகத்தை எதிர்த்து மிதிப்பது மலை ஏறுவதற்குச் சமமான பயிற்சி. ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நீளமான மன்னார்த் தாம்போதியில் அதை எதிர்த்து ஓடியவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆண்டின் இறுதியில் வரும் ஓட்டத்துக்குச் சோளக காலத்திலேயே தொடங்க வேண்டும். ஐப்பசி வந்தால் காலபோக விதைப்பு. வயலை விட்டுவிட்டுச் சைக்கிள் ஓட முடியாது. முதல் வாரம் 20 கிலோமீற்றர் வீதம் மூன்று நாட்கள் போதும். பிறகு வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூரத்தைக் கூட்டாதீர்கள். நான்காவது வாரத்தில் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுங்கள்.

பல நாள் ஓட்டத்தின் இரகசியம் முதல் நாளில் இல்லை. நொந்த கால்களோடு இரண்டாம் நாள் காலையில் மீண்டும் ஏறுவதில்தான் இருக்கிறது. ஆகவே சனிக்கிழமை நீண்ட தூரம் ஓடியவர் ஞாயிறு பூசைக்குப் பின் மீண்டும் ஓடிப் பழக வேண்டும்.

சீற்றின் உயரத்தையும் கவனியுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிக்காலை வைத்தால் கால் நேராக வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடியும். பதிவான சீற் முழங்காலைக் கெடுக்கும். பசிக்கும் முன் சாப்பிடுங்கள்: வாழைப்பழமும் பனங்கட்டியும் சட்டைப்பையில் இருக்கட்டும். தாகம் எடுக்கும் முன் குடியுங்கள்: மணித்தியாலத்துக்கு அரை லீற்றராவது வேண்டும், கடும் வெயிலில் சிறிது உப்பும் வேண்டும். ஒருவர் பின் ஒருவராக நெருங்கி ஓடினால் முன்னவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னவருக்கு உழைப்புக் குறையும். முறை மாறி முன்னே போங்கள்.

கடைசி வாரத்தில் தூரத்தைப் பாதியாக்குங்கள். புதிய சீற், புதிய சப்பாத்து எதையும் அப்போது மாற்றாதீர்கள்.

முதல் இரவின் பயம்

இத்தனை செய்தும் புறப்படுவதற்கு முதல் இரவில் நித்திரை வராது. வயிறு கலங்கும். கடைசியாக வந்துவிடுவோமோ, ஊரார் சிரிப்பார்களோ என்று மனம் அலையும். 1903இல் பிரான்சைச் சுற்றிய முதலாவது பெரிய ஓட்டத்தில் 60 பேர் புறப்பட்டார்கள். 21 பேரே முடித்தார்கள். வென்ற மொறிஸ் கரான் இளமையில் புகைபோக்கி துடைத்துப் பிழைத்தவர். முடிக்காத 39 பேரையும் கோழைகள் என்று யாரும் சொல்வதில்லை.

நம் குடும்பங்களோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. நீலகிரியில் ஓடுவோருக்குப் பின்னால் மருத்துவ உதவியும் பழுது பார்ப்பவரும் வருகிறார்கள். இரவில் படுக்கையும் உணவும் காத்திருக்கின்றன. முடியாவிட்டால் வாகனத்தில் ஏறிக்கொள்ளலாம். இடம்பெயர்ந்தபோது நமக்குப் பின்னால் யாரும் வரவில்லை. ரியூப் வெடித்தால் வழியோரத்தில் இருந்து நாமே ஒட்டினோம். ஆகவே, துன்பப்பட்டவர்களுக்கு ஓட்டம் எளிது என்று நாம் சொல்லமாட்டோம். பட்ட துன்பம் பயிற்சியாகாது. பழைய நோவு முழங்காலிலும் இருக்கும், மனதிலும் இருக்கும்.

எனினும் அந்த வழியில் கற்ற ஒன்று உண்டு. போக வேண்டிய தூரம் முழுவதையும் நினைத்தவர்களுக்குக் கால் நகரவில்லை. அடுத்த குளக்கட்டு மட்டும் போவோம், பிறகு பார்ப்போம் என்றவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். கல்லட்டியில் ஏறுபவரும் 36 வளைவுகளையும் ஒன்றாகச் சுமந்தால் பாதியில் இறங்குவார். அடுத்த வளைவை மட்டும் பார்ப்பவருக்குப் பயம் ஒரு வளைவின் அளவுக்குச் சுருங்குகிறது.

பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ இப்படியொரு ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்க விரும்பினால் "உனக்கேன் இந்த வேலை?" என்று தடுக்காதீர்கள். அந்தப் பழைய சைக்கிளின் செயினுக்கு எண்ணெய் விட்டு, பிறேக்கைச் சரிபார்த்துக் கொடுங்கள். வயலுக்கும் முகாமுக்குமாக நீங்கள் சைக்கிள் மிதித்த வழிகளை அவர்களுக்குச் சொல்லுங்கள். விரட்டப்படாமல், தானே விரும்பி ஒரு நீண்ட வழியில் இறங்கும் சுதந்திரம் நம் பிள்ளைகளுக்கும் உரியது.