கடல் காணா ஊரில் கடற்கலம்

பாய்விரித்துக் கடலோடும் கலத்தைக் கடற்கரையில்தான் கட்ட வேண்டும் என்ற எண்ணம் மரக்கலக் காலத்துக்கு உரியது. மரக்கலத்துக்கு வளைவான மரமும் அதை இழைத்துப் பொருத்தும் பரம்பரைத் தச்சரும் வேண்டும். அத்தச்சர்கள் துறைமுகங்களைச் சார்ந்தே வாழ்ந்தனர். உலோகக் கலத்துக்கு வேண்டுவன தட்டையான தகடு, மின்சாரம், வெல்டிங் தெரிந்த கை, மழைபடாத கொட்டகை ஆகிய நான்கே. மேற்குக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உள்ளே, பாலக்காட்டுக் கணவாயில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ள வேலந்தாவளத்திலும் இவற்றைத் திரட்டிவிடலாம். ஏனெனில் ஒருபுறம் கோயம்புத்தூரின் வார்ப்படச் சாலைகளும் லேத் பட்டறைகளும், மறுபுறம் கஞ்சிக்கோட்டின் தொழிற்பேட்டையும் எட்டும் தொலைவிலேயே உள்ளன.

கடலிலிருந்து விலகிய ஊரில் பிறந்த கலங்களுள் பெயர்பெற்றது ‘ஜோஷுவா’. பிரெஞ்சு மாலுமியான பெர்னார் மொய்த்தெசியே தம் மரக்கலங்களுள் ஒன்றை 1952இல் இந்தியப் பெருங்கடலின் தியேகோ கார்சியாத் தீவிலும், மற்றொன்றை 1958இல் கரீபியக் கடலிலும் பாறையில் மோதி இழந்தபின், மூன்றாவதை எஃகில் கட்டத் துணிந்தார். ழான் க்னோக்கேர் வரைந்த அக்கலத்தின் உடலை, பிரான்சின் உள்நாட்டு ஊரான ஷோஃபாயில் கொதிகலன் பட்டறை நடத்திவந்த ழான் ஃப்ரிக்கோ கட்டிக்கொடுக்க, 12 மீட்டர் நீளமுள்ள ஜோஷுவா 1962இல் நீரில் இறங்கியது. பணம் குறைவாக இருந்ததால் தந்திக் கம்பங்களே அதற்குப் பாய்மரங்களாயின. 1968 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து தனியாளாக அதில் புறப்பட்ட மொய்த்தெசியே, உலகை ஒருமுறை சுற்றிய பின்னும் நில்லாமல் 1969 ஜூன் 21 அன்று தாகித்தித் தீவை அடைந்தார். 1982இல் மெக்சிகோவின் காபோ சான் லூக்காஸ் கரையில் புயல் பல கலங்களை மணலில் தூக்கியெறிந்தபோது ஜோஷுவாவும் கரையேறிப் பாய்மரங்களை இழந்தது. ஆயினும் எஃகு உடல் நசுங்கியதே தவிர நொறுங்கவில்லை என்பதால் அதை மீட்டுச் செப்பனிட முடிந்தது.

எஃகா, அலுமினியமா?

இத்தகைய கலத்தை வீட்டிலேயே கட்டுவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது உலோகத்தை. எஃகு மலிவானது, எந்தப் பட்டறைக்காரரும் கையாளத் தெரிந்தது, ஆனால் கனமானது. 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள எஃகுத் தகடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 31 கிலோ இருக்கும்போது, அதற்கு ஈடாகப் பயன்படும் 6 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு 16 கிலோவே இருக்கும். கடலுக்குரிய அலுமினியம் பாத்திரக்கடை அலுமினியம் அன்று. 5083 என்ற எண்ணால் வழங்கும், மக்னீசியம் கலந்த உலோகக்கலவை அது. கொச்சியில் 2023 ஏப்ரல் முதல் ஓடும் வாட்டர் மெட்ரோ படகுகளின் உடலும் அலுமினியத்தால் ஆனதே. ஆனால் அலுமினியத்தை இணைக்கும்போது உருகிய உலோகத்தைக் காற்றுத் தொடாதபடி ஆர்கான் வாயு மூடிக் காக்க வேண்டும். காற்றடித்து வாயு விலகினால் இணைப்பில் பஞ்சுபோல் துளைகள் விழும். ஆடியில் கணவாய்க் காற்று தென்னைகளை வளைக்கும் ஊரில், நான்கு புறமும் அடைத்த கொட்டகை இல்லாமல் அலுமினியத்தைத் தொடாதிருப்பதே நல்லது.

அடுத்தது வடிவம். பொட்டலம் கட்டும் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டலாம், குழலாக உருட்டலாம், ஆனால் சுருக்கம் விழாமல் பந்தாக்க முடியாது. தகடும் அப்படியே ஒரு திசையில் மட்டும் எளிதாக வளையும். ஆகவே வீட்டுக் கலங்களின் பக்கங்கள் சில நீண்ட பட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, பட்டைகள் கூடும் இடத்தில் மடிப்பு விளிம்பு தெரியும்படி வரையப்படுகின்றன. வரைபடத்தை முழு அளவில் தரையில் தீட்டி, அதன்மேல் வைத்து வங்குகளை, அதாவது கலத்தின் விலா எலும்புகளை, வெட்டி இணைத்து, ஏரா எனப்படும் முதுகெலும்பின் மீது நிறுத்தியபின், தகடுகள் போர்த்தப்படுகின்றன. வெல்டிங் ஆறும்போது சுருங்குவதால், ஒரே மூச்சில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பற்றவைத்தால் தகடு உட்குழிந்து, மெலிந்த மாட்டின் விலாபோல் வங்குகள் வெளியே தெரியும். இதைத் தவிர்க்க, சில அங்குலம் இடப்புறம், சில அங்குலம் வலப்புறம் என்று மாற்றி மாற்றி, இடையே ஆறவிட்டுப் பற்றவைக்கிறார்கள்.

துருவும் செப்புக்காசும்

எஃகுக் கலம் பெரும்பாலும் உள்ளிருந்தே சாகிறது. வெளிப்புறத்தை ஆண்டுதோறும் கண் பார்க்கிறது; படுக்கைக்கு அடியிலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலும் வேர்த்துத் தேங்கும் ஈரத்தையோ யாரும் பார்ப்பதில்லை. எனவே ஒவ்வொரு குறுக்குச் சட்டத்திலும் நீர் வழிந்தோடத் துளை விடுவதும், கை நுழையாத மூலை எதையும் வைக்காதிருப்பதும் வரைபட நிலையிலேயே கவனிக்க வேண்டியவை. மணல் வீச்சால் தகட்டை வெள்ளி நிறம் வரும்வரை சுரண்டியெடுத்து, மீண்டும் துரு பூக்கும் முன் சில மணி நேரத்துக்குள் முதல் பூச்சையும், அதன்மேல் எபாக்சி பூச்சைப் பல அடுக்குகளாகவும் தர வேண்டும்.

இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால் மின்கலம்போல் இயங்கி அவற்றுள் ஒன்று கரையும் என்பது மற்றோர் ஆபத்து. கவனக்குறைவால் அலுமினியக் கலத்தின் அடித்தளத்தில் விழுந்து ஈரத்தில் கிடக்கும் ஒரு செப்புக்காசு நாளடைவில் தகட்டைத் துளைத்துவிட வல்லது. இதனாலேயே எஃகுக் கலத்தின் வெளியே துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தி, கலத்துக்குப் பதில் அவை கரையும்படி செய்கிறார்கள். தகடு கரையாதிருக்கவே, கலத்தின் உடலை மின்கம்பியாகப் பயன்படுத்தாமல், ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு கம்பிகளைத் தனியாக இழுக்கிறார்கள்.

உடல் முடிந்த பின்

தகடு போர்த்து முடிந்ததும் கலம் முடிந்ததுபோல் தோன்றும். ஆனால் உடலுக்கு ஆகும் செலவு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான் என்பது படகு கட்டுவோரிடையே வழங்கும் கணக்கு. காற்றில் சாயும் கலத்தை நிமிர்த்தும் அடிப்பாரமாக ஏராவுக்குள் ஈயத்தை இறக்குதல், இயந்திரத்தையும் சுழல்தண்டையும் மயிரிழை பிசகாமல் நேர்படுத்துதல், சுக்கான், தொட்டிகள், குழாய்கள், ஐ.எஸ். 710 முத்திரை பெற்ற கடல்தரப் பிளைவுட்டில் படுக்கையும் அடுப்படியும், பாய்மரம், அதைத் தாங்கும் வடங்கள், பாய்கள், நங்கூரம் என்று வேலை நீள்கிறது. ஓய்வு நேரத்தில் மட்டும் உழைப்போருக்கு இது பல ஆண்டுப் பணி. பாதியில் நின்று செடி படர்ந்த உடல்கள் உலகெங்கும் கிடப்பதற்குக் காரணமும் இதுவே.

பின்னர் சாலை வருகிறது. இந்திய மோட்டார் வாகன விதிகள் வழக்கமான வாகனத்துக்கு 2.6 மீட்டர் அகலமே அனுமதிக்க, 10 மீட்டர் நீளப் பாய்க்கலம் 3 மீட்டருக்கு மேல் அகலும். ஆகவே கொச்சிக்குக் கொண்டுசெல்லத் தனி அனுமதி வேண்டும். காற்றாலை இறக்கைகளை ஏற்றிய நீண்ட வண்டிகள் கடப்பதைக் கண்டு பழகிய கொங்குச் சாலைகளுக்கு இது புதுமையாக இராது. அதற்கும் முன்னர், தகுதியுள்ள வடிவமைப்பாளரின் வரைபடமும் பதிவுக்கான நடைமுறையும் தெளிவாக வேண்டும்.

தமிழருக்குக் கடற்கலம் அன்னியமானதன்று. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் உருவான ‘அன்னபூரணி’ என்ற மரக்கலம் 1938இல் அமெரிக்காவின் கிளௌஸ்டர் துறைமுகம் வரை சென்றது. புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா, கோழிக்கோட்டின் தில்னாவுடன் ‘தாரிணி’ என்ற பாய்க்கலத்தில் 2024 அக்டோபர் 2 முதல் 2025 மே 29 வரை உலகைச் சுற்றிவந்தார். கோவாவில் இழைக்கண்ணாடியால் கட்டப்பட்ட தாரிணியை வரைந்த நெதர்லாந்தின் வான் டி ஸ்டாட் அலுவலகம், வீட்டில் கட்டுவோருக்கென எஃகு, அலுமினியக் கலங்களின் வரைபடங்களையும் விற்றுவருகிறது. இப்பணியில் இறங்க விரும்புவோர் முதலில் அத்தகைய வரைபடம் ஒன்றை வாங்கி, உடலுக்கு ஆகும் செலவின் மூன்று மடங்காக முழுச் செலவையும் கணக்கிட்டு, கொட்டகையின் வாசலை அளந்து பார்த்த பிறகே தகட்டுக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.