ஒரு விளம்பரத்தாளும் சில கடிதங்களும்

நாடகம் மேடையிலே பிறந்து மேடையிலேயே மறைவது. திரை விழுந்தபின் எஞ்சுவன அச்சிட்ட நூலும் சில கடதாசித் துண்டுகளுமே. விளம்பரத்தாள், நுழைவுச்சீட்டு, நடிகரும் ஆசிரியரும் எழுதிக்கொண்ட கடிதம் ஆகியவற்றை மறுநாளே குப்பையிற் போடுவது உலக வழக்கம். அவற்றின் பெறுமதியை உணர்த்துவதற்கு ருஷிய எழுத்தாளர் அன்ரன் செக்கோவின் இறுதி நாடகம் ஒன்றே போதும்.

‘செரிப் பழத்தோட்டம்’ என்னும் அந்நாடகத்தை 1903ஆம் ஆண்டு ஒக்ரோபரில் செக்கோவ் மொஸ்கோக் கலை அரங்குக்கு அனுப்பினார். காசநோய் முற்றியிருந்தமையால் அவர் கருங்கடற்கரையிலுள்ள யால்ற்றா நகரில் வாழ நேர்ந்தது. அவர் மனைவி ஒல்கா நிப்பரோ அவ்வரங்கின் முதன்மை நடிகையருள் ஒருவர். ஆகவே இருவரும் பெரும்பாலும் கடிதங்களிலேயே இல்லறம் நடத்தினர்.

கடனில் மூழ்கிய குடும்பம் ஒன்று தன் பழத்தோட்டத்தை இழப்பதே கதை. செக்கோவ் அதனை நகைச்சுவை நாடகம் என்றே குறித்திருந்தார். நெறியாளர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியோ அதனைப் படித்துக் கண்ணீர் சிந்தினார். இது நகைச்சுவையன்று, துன்பியலே என்று ஆசிரியருக்கே எழுதினார்.

பழைய ருஷிய நாட்காட்டிப்படி 1904 சனவரி 17ஆம் நாள் நாடகம் அரங்கேறியது. அன்று செக்கோவுக்கு 44 வயது நிறைந்தது. மூன்றாம் அங்கம் முடிந்ததும் அவரை மேடைக்கு அழைத்துப் பாராட்டினர். நிற்கவும் வலுவின்றி அவர் இருமிக்கொண்டிருந்தார்.

பின்னர் யால்ற்றாவிலிருந்து அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்களில் மனக்குறை வெளிப்பட்டது. பன்னிரண்டு நிமிடங்களில் முடியவேண்டிய நான்காம் அங்கம் நாற்பது நிமிடங்கள் இழுபடுகின்றது என்றார். விளம்பரத்தாள்களிலும் பத்திரிகைகளிலும் தம் படைப்பை ‘நகைச்சுவை’ என்னாது வேறு பெயரால் ஓயாது அறிவிப்பது ஏன் என வினவினார். தாம் எழுதாததையே நெறியாளர் அதிற் காண்கின்றனர் என்று வருந்தினார். அவ்வாண்டு யூலையில் ஜேர்மனியிலே அவர் காலமானார்.

அரங்கத்தார் தம் வழியிலேயே நாடகத்தைத் தொடர்ந்து நடித்தனர். 1923இல் அமெரிக்காவிலும் நடித்துப் புகழ் பெற்றனர். ஆசிரியரின் குரல் ஒல்காவின் பெட்டியிலே அடங்கிக் கிடந்தது. 1924இல் பெர்லின் நகரில் அக்கடிதங்கள் நூலாக வெளிவந்தன.

நூலின் முகப்பிலுள்ள ‘நகைச்சுவை’ என்னும் சொல்லை ஆசிரியரின் விளையாட்டு என எவரும் ஒதுக்கிவிடலாம். ஆனால் விளம்பரத்தாள் அரங்கு ஊருக்குச் சொன்னதைக் காட்டுகின்றது. கடிதம் ஆசிரியர் நெஞ்சிற் கொண்டதைக் காட்டுகின்றது. இரண்டையும் அருகருகே வைக்கும்போதே அவர்களிடையே நிகழ்ந்த வழக்குப் புலனாகின்றது. அவ்வழக்கு இன்னும் முடியவில்லை. இந்நாடகத்தை மேடையேற்றும் ஒவ்வொரு நெறியாளரும் சிரிப்பா, கண்ணீரா என்று தீர்மானித்தே ஆகவேண்டும்.

மனைவி அக்கடிதங்களை எரித்திருப்பின், இறக்குந் தறுவாயில் ஒரு கலைஞர் எழுப்பிய முறையீடு எவர் செவிக்கும் எட்டியிராது. ஆதலின் நாடகம் பார்த்துத் திரும்புவோர் கையிலுள்ள தாளை எறியுமுன், அதன் மூலையில் ஆண்டையும் நாளையும் குறித்து வைப்பாராக. பிற்காலத்தில் அதுவும் ஒரு சாட்சியாகலாம்.