"ஒண்ணும் பண்ணாது சார்!"

போன மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. டைகரைக் காரில் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டில் இருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிளம்பி, மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்துக் கடற்கரைக்குப் போனேன். டைகர் எங்கள் தெருவில் குட்டியாகக் கிடைத்த நாட்டு நாய். நாலு வயசு. பெயர்தான் டைகர், எதிர்வீட்டுப் பூனை முறைத்தால் ஒதுங்கிப் போய்விடும். மணலில் கால் வைத்ததும் செயினைக் கழற்றிவிட்டேன். வாரம் முழுக்க வீட்டுக்குள்ளேயே கிடக்கிறதே, கொஞ்சம் ஓடட்டும் என்று.

படகுகளுக்குப் பின்னாலிருந்து ஆறேழு வயசுப் பையன் ஒருவன் வந்தான். நாயைப் பார்த்தான், ஓடினான். அவன் ஓடுவதைப் பார்த்து டைகரும் ஓடியது. நான் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினேன். "ஓடாதே! ஒண்ணும் பண்ணாது! ஒண்ணும் பண்ணாது!" பையன் வலைக்கயிறு தடுக்கி விழுந்தான். டைகர் அவன் மேல் பாய்ந்தது. விளையாட்டாகத்தான் பாய்ந்தது என்று இன்னமும் நம்புகிறேன். ஆனால் பல்லோ நகமோ பட்டு கெண்டைக்காலில் ரெண்டு கோடு, லேசாக ரத்தம்.

மீன் உலர்த்திக்கொண்டிருந்த அவனுடைய பாட்டி ஓடி வந்தார். அப்போதும் நான் சொன்னது இதுதான்: "ஊசியெல்லாம் போட்டிருக்கு ஆயா, ஒண்ணும் பண்ணாது." அவர் திட்டவில்லை. "அது உனக்குத் தெரியும் தம்பி. இவனுக்கு எப்பிடிப்பா தெரியும்?" என்றார்.

காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவினோம். அப்புறம் அரசு மருத்துவமனை. ரத்தம் வந்த காயம் என்பதால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டார்கள். முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று நாலு தவணை. நாலு தடவையும் நானே காரில் கூட்டிப் போனேன். கடைசி நாள் வரைக்கும் பையன் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

பொது இடத்தில் நாயைக் கட்டித்தான் கூட்டிப் போகணுமா என்று அதற்கு முன்னால் யாராவது என்னைக் கேட்டிருந்தால், "அது நாயைப் பொறுத்தது சார்" என்று அரைமணி நேரம் பேசியிருப்பேன். அந்தப் பாட்டியின் கேள்விக்குப் பிறகு படித்ததும் யோசித்ததும் இந்தக் குறிப்பு.

ஒரு சின்னக் கணக்கு

நான் மென்பொருள் ஆள். ஒரு வாதம் பிடிபடவில்லை என்றால் எண்களைப் போட்டுப் பார்ப்பேன். நடுத்தர அளவு நாய் ஒன்று முழு வேகத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். நொடிக்கு 10 மீட்டர். நாய் கிளம்பியதை நான் கவனித்து, மூளைக்கு உறைத்து, "டைகர், நில்!" என்று வாயைத் திறக்க ஒன்றரை நொடி ஆகிறது. அதற்குள் நாய் 15 மீட்டர் போயாச்சு. அதன் காதில் விழுந்து, அது கீழ்ப்படிய மனசு வைத்து, வேகத்தைக் குறைக்க இன்னும் ஒரு நொடி. ஆகமொத்தம் 25 மீட்டர். பையன் நின்றிருந்த இடத்துக்கு அவ்வளவு தூரம்கூட இல்லை.

கையில் இருக்கும் செயினின் நீளம் ஒன்றரை மீட்டர். "என் நாய் சொன்ன பேச்சு கேட்கும்" என்பது முழுக்க உண்மையாகவே இருக்கட்டும். அந்தப் பேச்சு நாயைப் போய்ச் சேர வேண்டுமே? அதுவும், ஓடுகிற எதையும் துரத்துவது நாயின் ரத்தத்தில் இருக்கிறது. குணத்தில் சாதுவான நாயும் துரத்தும். துரத்தும் நேரத்தில் அதற்குக் காது கொஞ்சம் மந்தம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய தண்டனைச் சட்டத்தில் 289ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 291ஆம் பிரிவு. தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ வர வாய்ப்பு இருக்கும்போது, அதைத் தடுக்கப் போதுமான கவனம் எடுக்காமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அபராதம் 1,000 ரூபாய்தான். கவனியுங்கள், இதில் கயிறு என்றோ சங்கிலி என்றோ ஒரு வார்த்தை கிடையாது. "போதுமான கவனம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. பெரும்பாலும் சம்பவம் நடந்த பிறகு தூசு தட்டி எடுக்கும் சட்டம் இது.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறியது பலருக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் 23 வகை நாய்களுக்குத் தடை விதிக்கச் சொல்லி மத்திய அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்து செய்தது. பூங்கா சம்பவத்துக்குப் பிறகு டிவி விவாதம் எல்லாம் "எந்த வகை நாய் ஆபத்தானது?" என்றே ஓடியது. எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த நாய்களின் வகை அல்ல. அவை பூங்காவுக்குள் கட்டில்லாமல் இருந்தன என்பதுதான். என் டைகர் எந்தத் தடைப்பட்டியலிலும் வராது. பையனின் காலுக்கு அந்தப் பட்டியல் தெரியாது.

சிங்கப்பூரில் சங்கதி எளிது. பொது இடத்தில் எந்த நாயானாலும் கயிறு கட்டாயம்; குறிப்பிட்ட சில வகைகளுக்கு அதோடு வாய்மூடியும் போட வேண்டும். எல்லாருக்கும் ஒரே அடிப்படை விதி, அதனால் வாக்குவாதத்துக்கு இடம் குறைவு.

கோவிவனுக்கு யார் கயிறு கட்டினார்கள்?

"நம்ம ஊர்ல நாய் எப்பவுமே சுதந்திரமாத்தான் திரிஞ்சது, கயிறெல்லாம் நகரத்து ஃபேஷன்" என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். நியாயமான ஆட்சேபம்தான். அவர் பக்கம் ஒரு நல்ல சாட்சியும் இருக்கிறது: திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூர் நடுகல். பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்கிற வீரனுக்கு எடுத்த கல். அவனோடு அவனுடைய நாயையும் செதுக்கி, பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்ற நாய். மாமல்லபுரத்துக்குப் பெயர் தந்த மாமல்லனின் அப்பா காலத்து நாய் என்றால் நமக்குக் கொஞ்சம் நெருக்கமாகிவிடுகிறது, இல்லையா?

கோவிவனைக் கட்டிப் போட்டிருந்தால் அது கள்வரைக் கடித்திருக்காது. சரி. ஆனால் அது தன் ஊரில் இருந்தது. ஊரில் எல்லாருக்கும் அதைத் தெரியும். அதற்கும் எல்லாரையும் தெரியும். யார் ஊர்க்காரன், யார் கள்வன் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்ததால்தான் கல்லில் ஏறியது. நான் டைகரை அவிழ்த்துவிட்ட கடற்கரையில் டைகரை யாருக்கும் தெரியாது, டைகருக்கும் யாரையும் தெரியாது. நாங்கள் ரெண்டு பேருமே அசலூர். அந்தக் கடற்கரையோ பையனுக்கு வீட்டு வாசல் மாதிரி.

பாட்டி சொன்னது இதைத்தான். என் நாயைப் பற்றி எனக்கு இருக்கும் நம்பிக்கை என் தலைக்குள் இருக்கிறது. எதிரே வருகிறவரின் கண்ணுக்கு அது தெரியாது. கயிறு தெரியும்.

மணலுக்கு அடியில்

அந்தக் கடற்கரைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அது மாசி மாதம் என்று சொன்னேன் அல்லவா? ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமை முட்டையிடும் காலம். இரவில் கரையேறி, பின்துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நூறு முட்டை போல இட்டு, மணலை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரிக்கும். மேலிருந்து பார்த்தால் நமக்கு வெறும் மணல். நாயின் மூக்குக்கு அப்படியில்லை. ஒன்றரை அடி அதற்குப் பெரிய ஆழமே கிடையாது.

சென்னைக் கரையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். தெற்கே வனத்துறையும் மற்ற தன்னார்வலர்களும் இதே வேலையைச் செய்கிறார்கள். முட்டையை இருந்த இடத்திலேயே விடாமல் எடுத்து வைப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் நாய்கள். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. அது நாயால் வந்தது இல்லை. இழுவலையில் மாட்டி மூச்சுமுட்டியது. ஆனால் கடலில் அவ்வளவு போன பிறகு, கரையில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு குழிக்கும் மதிப்பு கூடத்தானே செய்யும்?

நம் கோவளம் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. அந்தச் சான்றுக்கான விதிகளில் நாய் முதலிய வளர்ப்பு விலங்குகளைக் கடற்கரைக்குள் கண்டிப்பாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதும் ஒன்று. கொடியைப் படம் எடுத்துப் போடுகிற நாம் இந்த விதியைப் பேசுவதில்லை.

கயிறு கட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. ஆஸ்திரேலியாவில் சிட்னி அருகே காட்டுப் பாதைகளில் ஓர் ஆய்வு செய்து 2007இல் வெளியிட்டார்கள். நாயைக் கயிற்றில் பிடித்து நடத்திய பாதைகளில்கூடப் பறவை வகைகள் 35 சதவீதமும் எண்ணிக்கை 41 சதவீதமும் குறைவாக இருந்தன. நாய் கட்டியிருக்கிறதா இல்லையா என்று பறவை பார்ப்பதில்லை. அதனால் சில இடங்களுக்கு, சில மாதங்களில், நாயோடு போகாமல் இருப்பதே சரி.

"தெருநாயை என்ன பண்ணுவீங்க?"

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. ஆமைக்குழியைத் தோண்டுவது பெரும்பாலும் கரையில் திரியும் நாய்கள். 2024இல் தமிழ்நாட்டில் பதிவான சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகளுக்கு முன்னால் என் ஒரு டைகர் எம்மாத்திரம்?

தெருநாய்க்கு வேறு வழி இருக்கிறது. 2023 விதிகளின்படி பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும், வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றுக்கு இதையே சொன்னது. நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடித்த நாய்களைத் திரும்ப அங்கேயே விடக்கூடாது என்றது. எல்லாம் உள்ளாட்சியின் கையில், பணத்தின் கையில், வருஷக்கணக்கில் நடக்க வேண்டிய வேலை. டைகருக்கான தீர்வு என் கார் டிக்கியில் இருநூறு ரூபாய்க்குக் கிடக்கிறது. பெரிய வேலை முடியவில்லை என்பதற்காகச் சின்ன வேலையைச் செய்யாமல் இருப்பது சாக்கு. இருபது வருஷ ஆபீஸ் வாழ்க்கையில் நானே நிறையச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று: தெருநாய்க் கூட்டம் இருக்கும் இடத்தில் வீட்டு நாயை அவிழ்த்துவிட்டால் முதலில் கடி வாங்கப்போவது வீட்டு நாய்தான்.

நாய்க்கு ஓட்டம் வேண்டாமா என்றால், வேண்டும். கட்டாயம் வேண்டும். ஓட விடாத நாய் வீட்டில் செருப்பைக் கடிக்கும், ராத்திரி ஊளையிடும். இப்போது நான் செய்வது: ஊருக்கு வெளியே நண்பர் ஒருவரின் வேலி போட்ட மனையில் வாரம் ரெண்டு நாள் அவிழ்த்துவிடுகிறேன். ஆள் இல்லாத திறந்தவெளியில் 10 மீட்டர் நீளக் கயிறு. யாராவது தூரத்தில் தெரிந்தால் சுருட்டி ஒன்றரை மீட்டருக்குக் கொண்டுவந்துவிடுவேன். தெருவிலும் கடையோரத்திலும் எப்போதும் செயின். ஜனவரி முதல் முட்டைகள் பொரித்து முடியும் வரை கடற்கரைப் பக்கம் டைகரைக் கூட்டிப் போவதே இல்லை.

ஆடி மாதம் ஒருநாள் டைகரைச் செயினோடு அதே குப்பத்துக்குக் கூட்டிப் போனேன். பையன் படகு மேல் உட்கார்ந்திருந்தான். இறங்கவில்லை. கொஞ்ச நேரம் செயினையே பார்த்துவிட்டு, "டைட்டா புடிச்சிருக்கியாண்ணா?" என்று கேட்டான். கையில் ரெண்டு சுற்று சுற்றிக் காட்டினேன். "சரி, அங்கயே நில்லு" என்றான். நின்றோம்.