வாடைக் காற்றும் கம்பளி நூலும்

மேல்நாட்டார் இலையுதிர் காலம் என்று போற்றும் பருவம் நமது ஊவாவில் இல்லை. இலைகள் பொன்னிறமாகி உதிரும் காட்சியைக் காண வேண்டுமாயின் நாம் கடல் கடந்துதான் செல்லவேண்டும். ஆயினும் அப்பருவத்துக்கு ஈடான ஒன்று நமக்கும் உண்டு. ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்த பண்டைத் தமிழர், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்று அழைத்தனர். அப்பெயர் பதுளைக்கு எவ்வளவு பொருத்தமானது என்பதை இங்கு ஓர் ஐப்பசியைக் கழித்தவர் அறிவர்.

ஆடி, ஆவணி மாதங்களில் கச்சான் காற்று மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக மலை இடைவெளிகளின் வழியே நம் பக்கம் இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப் பெயர் தேடித்தரும் மணம் அவ்வறண்ட காற்றிலே பிறப்பது. அது ஓய்ந்ததும் காற்றுத் திசை மாறுகிறது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை நமக்குரியது. நமுனுகுல சிகரம் பல நாட்கள் கண்ணுக்கே தெரிவதில்லை. துன்ஹிந்த நீர்வீழ்ச்சியின் இரைச்சல் தடித்துவிடுகிறது. பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,200 அடி உயரத்திலும், அப்புத்தளை சுமார் 4,700 அடி உயரத்திலும் உள்ளன. ஆயிரம் அடி ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 2 பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே பதுளையில் ஒரு சால்வை போதும் என்றிருப்பவர், ரயிலேறி அப்புத்தளையில் இறங்குவதற்குள் 5 பாகைக் குளிரைக் கூடுதலாகச் சந்திக்க வேண்டியிருக்கும்.

இக்காலத்தில் வீட்டுக்குள் ஒடுங்கியிருப்பதில் ஒரு தனிச் சுகம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. கூரைத் தகரத்தில் மழை தட்டுகிறது. அடுப்பிலே கவ்வாத்து மிளாறு எரிகிறது. ரொட்டி சுடும் வாசனையும் இடித்த சம்பலின் காரமும் இஸ்தோப்பு வரை வந்து அழைக்கின்றன. சாயத் தண்ணீரை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, ஒரு வாய் கருப்பட்டியைக் கடித்துக் குடிக்கும் இன்பத்துக்கு விலையே இல்லை.

எனினும் இச்சுகத்தைப் பற்றி எழுதப் புகுந்தால் அடுப்பைப் பற்றியும் எழுதாமல் விட முடியாது. பழைய லயங்களின் அளவு யாவரும் அறிந்ததே. 10 அடிக்கு 12 அடி காம்பரா. பலவற்றில் புகைபோக்கி கிடையாது. குளிர் தாங்காமல் கதவையும் ஜன்னலையும் அடைத்து, ஈர விறகை மூட்டி, அந்த வெப்பத்தில் குழந்தையைக் கிடத்துகிறோம். வெப்பம் கிடைக்கிறது; அதனோடு புகையும் கிடைக்கிறது. விறகுப் புகையிலுள்ள நுண்துகள்கள் சிறுவரின் நுரையீரலைத் தாக்கி இருமலையும் இளைப்பையும் வளர்க்கின்றன. அடுப்பருகே அதிக நேரம் இருப்பவர்கள் தாய்மாரும் அவர்களுடைய இடுப்புப் பிள்ளைகளுமே. இதனினும் கொடியது, கரி நெருப்பைச் சட்டியில் அள்ளிவந்து படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வது. கரியிலிருந்து எழும் காபன் மொனொக்சைட்டு என்னும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவரை உறக்கத்திலேயே அது கொன்றுவிடும்.

நெருப்பை நாடுவது மனித இயல்பு. அதைக் குறை கூறவில்லை. பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் இக்கூதிர் காலத்தையே பாடினார். வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டுநிலம் ஏறிய இடையர் நெருப்பில் கை காய்ச்சி நிற்பதையும், மாடங்களில் குளிர்ந்த நீரை விட்டுவிட்டு மக்கள் நெருப்புச் சட்டியை நாடுவதையும் அவர் காட்டுகிறார். ஆனால் குளிரைத் தடுக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, அறையைச் சூடாக்குவது. மற்றது, உடலிலுள்ள சூட்டை வெளியே போகவிடாமல் காப்பது. முதல் வழிக்கு விறகும் அடைத்த ஜன்னலும் வேண்டும். இரண்டாவது வழிக்கு இரண்டு ஊசிகளும் ஓர் உருண்டைக் கம்பளி நூலும் போதும். ஜன்னலும் சற்றே திறந்திருக்கலாம். நாம் இவ்விரண்டாவது வழிக்காகவே வாதாடுகிறோம்.

கம்பளி தானாகச் சூடு தருவதில்லை. ஆட்டு மயிர் நேராக இல்லாமல் சுருண்டிருப்பதால், இழைகளுக்கிடையே காற்றுச் சிறைப்படுகிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே நம் உடலின் சூடு நம்மிடமே தங்குகிறது. இன்னொரு சிறப்பும் உண்டு. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரையில் ஈரத்தை உறிஞ்சிய பின்னும் கம்பளி தொடுவதற்கு நனைந்ததாகத் தோன்றாது. மூடுபனியிலே நடமாடும் நமக்கு இக்குணம் எத்துணை பயன் தரும்! பருத்திச் சட்டையோ நனைந்ததும் உடலோடு ஒட்டிக்கொண்டு இருக்கும் சூட்டையும் இழுத்துவிடும்.

தோட்டத்து மக்களுக்கு இது புதிய செய்தியன்று. நம் பாட்டன் பாட்டிமார் கொழுந்து மலையில் தலைமுதல் முதுகுவரை மடித்துப் போட்டுக்கொண்டது கறுப்புக் கம்பளியே. தென்னிந்தியாவில் குறும்பர் முதலிய ஆடு வளர்ப்போர் அத்தகைய முரட்டுக் கம்பளிகளைத் தலைமுறை தலைமுறையாக நெய்து வந்தனர். தோட்டத்தில் கம்பளியைக் கொடுத்து அதன் விலையைக் கூலியில் பிடித்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. பகலில் மழைக் கவசம், இரவில் போர்வை, பிள்ளைக்குத் தொட்டில் விரிப்பு என ஒரே துணி மூன்று வேலை செய்தது. இன்று மலையில் அதன் இடத்தைப் பொலித்தீன் விரிப்புப் பிடித்துக்கொண்டது. மழையைத் தடுப்பதில் அது கெட்டிதான். ஆனால் அதில் சூடு ஏது?

கம்பளி நெய்வதற்குத் தறி வேண்டும். பின்னுவதற்கு அது வேண்டியதில்லை. நெய்த துணியில் பாவும் ஊடுமாக இரு நூல்கள் குறுக்கிடுகின்றன. பின்னலிலோ ஒரே நூல் கண்ணி கண்ணியாகத் தன்னையே கோத்துக்கொண்டு செல்கிறது. அதனால்தான் பின்னிய ஆடை இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்குகிறது. எகிப்தில் கிடைத்த பின்னல் காலுறைகள் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுப் பழமையுடையவை என்பர். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பின்னல் வேலை ஆண்களின் தொழிற்சங்கங்களுக்குரிய தொழிலாக இருந்தது. 1589இல் வில்லியம் லீ என்னும் ஆங்கிலேயர் காலுறை பின்னும் பொறியை அமைத்த பின்னரும் கைப்பின்னல் அழியவில்லை. நம் நாட்டில் மிஷன் பள்ளிகளின் தையல் வகுப்புகள் நூலையும் ஊசியையும் பெண்பிள்ளைகள் பலரின் கையில் கொடுத்தன. பையன்களுக்கு அவ்வகுப்பில் இடமில்லாமற்போனது ஏன் என்று நமக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இரவுக் காவற்காரரும் வயோதிபரும் கண் மட்டும் தெரிய அணிந்துகொள்ளும் குரங்குக் குல்லா ஒரு போர்க்களத்தின் பெயரைத் தாங்கியது என்பது வேடிக்கையான செய்தி. கிரிமியப் போரில் 1854இல் பாலக்ளாவா என்னுமிடத்தில் பெரும் சண்டை நடந்தது. அப்போரில் குளிரில் வாடிய பிரித்தானியப் போர்வீரருக்கு ஊரிலிருந்து பின்னி அனுப்பிய தலையணிக்குப் பின்னாளில் அவ்வூரின் பெயரே நிலைத்துவிட்டது. முன்புறம் பொத்தான் வைத்த சுவெட்டருக்கு வழங்கும் கார்டிகன் என்னும் பெயரும் அதே போரில் படை நடத்திய பிரபுவின் பெயரே.

இனி, பின்னத் தொடங்குவோர் எதிலிருந்து தொடங்குவது? சுவெட்டரில் தொடங்கிப் பாதியில் கைவிட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பச்சிளங் குழந்தையின் குல்லாவிலிருந்து தொடங்குமாறு நாம் கூறுவோம். அது மூன்று மாலைகளில் முடிந்துவிடும். அதன் பயனோ பெரிது. பிறந்த குழந்தைக்கு உடலின் அளவோடு ஒப்பிடத் தலை பெரிது. அத்தலை வழியே சூடு விரைவில் வெளியேறுகிறது. எடை குறைந்து பிறந்த சிசுவுக்கு இந்த இழப்பு உயிர் ஆபத்தாகவும் முடியும். இலங்கையில் எடை குறைந்த பிறப்புகள் தோட்டப்புறத்திலே மிகுதி என்பதைச் சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. பிறந்தவுடன் துடைத்து, தாயின் மார்போடு அணைத்து, தலைக்குக் குல்லா அணிவிக்குமாறு உலக சுகாதார நிறுவனமும் கூறுகிறது.

50 கிராம் நடுத்தரத் தடிப்புள்ள நூலும் 4 மில்லிமீற்றர் ஊசிகளும் எடுத்துக்கொள்க. 72 கண்ணிகள் ஏற்றுக. முதல் 3 சென்ரிமீற்றருக்கு இரண்டு நேர்க் கண்ணி, இரண்டு புறக் கண்ணி என மாற்றி மாற்றிப் பின்னினால் ஓரம் இழுபட்டு நிற்கும். பிறகு ஒரு வரிசை நேராகவும் மறு வரிசை புறமாகவும் பின்னி, மொத்தம் 11 சென்ரிமீற்றர் உயரம் வந்ததும் குறைக்கத் தொடங்குக. எட்டுக் கண்ணிக்கு ஒரு பகுதியாக ஒன்பது பகுதிகள் இருக்கும். ஒவ்வொரு பகுதியின் கடைசி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பின்னுக. அடுத்த வரிசையில் குறைக்க வேண்டாம். இவ்வாறு ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் ஏழு முறை குறைத்தால் ஒன்பது கண்ணிகள் எஞ்சும். அவற்றில் நூலைக் கோத்து இறுக்கி, பின்புறத்தைத் தைத்துவிட்டால் குல்லா முடிந்தது. கழுத்தில் கட்டும் நாடாவோ உச்சியில் குஞ்சமோ வேண்டாம். சிசுவின் கழுத்தைச் சுற்றக்கூடிய எதுவும் கூடாது. குல்லா கண்ணுக்கும் மூக்குக்கும் கீழிறங்காதபடி பார்த்துக்கொள்வதும், எத்தனை நாள் அணிவிப்பது என்று மருத்துவிச்சியைக் கேட்டுக்கொள்வதும் நன்று.

நூல் வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. கடைகளில் உல்லன் என்ற பெயரில் கிடைப்பவற்றில் பல ஆட்டு மயிரே அல்ல. 1950 அளவில் சந்தைக்கு வந்த அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. விலை குறைவு, நிறம் பளிச்சென்றிருக்கும், துவைப்பதும் எளிது. அதை இகழ்வது நம் நோக்கமன்று. ஆனால் நெருப்புப் பட்டால் அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அசல் கம்பளியோ கருகுமேயன்றி எளிதில் பற்றி எரியாது. சிறு துண்டைக் குறட்டில் பிடித்துத் தீயில் காட்டினால் வேறுபாடு தெரியும்: கம்பளி தலைமயிர் கருகும் நாற்றத்துடன் பொடிப்பொடியாகும், அக்ரிலிக் உருகி மணி போல் இறுகும். அக்ரிலிக் சுவெட்டருடன் அடுப்பூத உட்காருவது கூடவே கூடாது.

காலைப் பெரட்டுக்குப் போய், மாலை வரை நனைந்து கொழுந்தெடுத்து, வந்ததும் தண்ணீரும் விறகும் சோறும் என்று ஓடும் தாயிடம், ஓய்வு நேரத்தில் பின்னுங்கள் அம்மா என்று உபதேசிப்பது கேலியாகவே முடியும். அவளுடைய விரல்கள் இம்மாதங்களில் வெடித்துக் கிடக்கும். ஆகவே நூலும் ஊசியும் முதலில் வேறு கைகளுக்குப் போகட்டும். வேலையிலிருந்து நின்றுவிட்ட அம்மாயியும் அப்பாயியும் இருக்கிறார்கள். டிசெம்பர் விடுமுறையில் பிள்ளைகள் இருக்கிறார்கள். நீண்ட மாலையில் சும்மா அமர்ந்திருக்கும் ஆண்களும் இருக்கிறார்கள். தீபாவளி முற்பணம் கைக்கு வரும் காலத்தில் பட்டாசுக்குப் போகும் பணத்தில் ஒரு சிறு பங்கு இரண்டு உருண்டை நூலாகலாம்.

இம்மழைக்கு வேறொரு முகமும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் கொஸ்லாந்தைப் பகுதியின் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. தப்பியவர்கள் பள்ளிக்கூடங்களில் தஞ்சம் புகுந்தனர். 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயலின் போதும் பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டன. சுவரில் புதிய வெடிப்பு, மரங்கள் சாய்தல், ஊற்று நீர் திடீரெனக் கலங்குதல் ஆகியவற்றைக் கண்டாலோ, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை வந்தாலோ, வீடு எவ்வளவு கதகதப்பாக இருந்தாலும் அதைவிட்டு உடனே வெளியேற வேண்டும். அப்படிப் போகும் இரவில் கைக்கு எட்ட ஒரு பை இருப்பது நல்லது. அடையாள அட்டைகளோடும் மருந்துகளோடும் ஆளுக்கொரு சுவெட்டரையும் பிள்ளைகளின் குல்லாவையும் பொலித்தீனில் சுற்றி அதில் வைத்துவிடலாம். பள்ளிக்கூடத்துச் சீமெந்துத் தரையில் அடுப்பு இராது. உடலோடு கொண்டுபோன சூடே அங்கு உதவும்.

பிள்ளை வளர்ந்து சுவெட்டர் சிறுத்துவிட்டால் எறிந்துவிடத் தேவையில்லை. 1941இல் பிரித்தானியாவில் ஆடைப் பங்கீடு வந்தபோது அந்நாட்டுப் பெண்கள் பழைய சுவெட்டரைப் பிரித்துப் புதிதாகப் பின்னினார்கள். தையலை அவிழ்த்து, கடைசியாகப் பின்னிய முனையிலிருந்து நூலை இழுத்தால் வரிசை வரிசையாகக் கழன்று வரும். அதை நாற்காலி முதுகில் சுற்றிக் கண்டாக்கி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அலசி, கீழே ஒரு சிறு பாரத்தைத் தொங்கவிட்டு நிழலில் உலர்த்தினால் நெளிவெல்லாம் நீங்கிவிடும். ஒரு நிறம் போதாவிட்டால் தம்பியின் சட்டைக்கு அக்காவின் பழைய சிவப்பைக் கைப்பட்டையாகச் சேர்க்கலாம். தைப்பொங்கல் கழிந்து வெயில் நிலைத்ததும் எல்லாவற்றையும் துவைத்து, ஈரம் சிறிதுமின்றி உலர்த்தி, மூடியுள்ள தகரப் பெட்டியில் வேப்பிலைச் சருகோடு அடுக்கி வைத்தால் அடுத்த ஐப்பசி வரை பூச்சி அண்டாது.