வளரும் மென்பொருளின் பராமரிப்பு: லினக்ஸ் கெர்னலின் ‘பெரும்பூட்டு’ நீக்கத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மென்பொருள் பெருகுந்தோறும் அதனைத் திருத்துவது கடினமாகிறது. இக்கடினத்திற்கு அளவைக் காட்டிலும் எழுதப்படாத சார்புகளே பெருங்காரணமாகலாம் என்பதை, லினக்ஸ் கெர்னலில் 1996 முதல் 2011 வரை நிலவிய பெரும்பூட்டின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மென்பொருள் பராமரிப்பு, தொழில்நுட்பக் கடன், லினக்ஸ் கெர்னல், பூட்டு, இடைமுகம்.

முன்னுரை

பயன்பாட்டிலுள்ள மென்பொருள் தன் சூழலுக்கேற்ப மாறிக்கொண்டே இருத்தல் வேண்டும். அவ்வாறு மாறுகையில், சிக்கலைக் குறைப்பதற்கெனத் தனியே உழைக்காவிடில் அது மிகும். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓஎஸ்/360 இயங்குதளத்தை ஆராய்ந்த மேயர் லேமன் 1970களில் முன்வைத்த விதிகளுள் இவ்விரண்டும் முதன்மையானவை. செம்மையுறாத நிரலை வெளியிடுவதை வார்டு கன்னிங்ஹாம் 1992இல் கடனுக்கு ஒப்பிட்டார். விரைந்து அடைத்தால் கடன் நன்மை தரும். அடைக்காவிடில் வட்டி வளரும்.

பெரும்பூட்டின் தோற்றம்

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட கெர்னல் ஒற்றைச் செயலிக் கணினிக்கென எழுதப்பட்டது. 1996இல் வெளிவந்த 2.0 பதிப்பு பல செயலிகளுக்கு இடமளித்தது. இரு செயலிகள் ஒரே தரவை ஒரே வேளையில் மாற்றினால் அது சிதையும். இதனைத் தவிர்க்கக் கெர்னல் முழுமைக்கும் ஒரே பூட்டு இடப்பட்டது. ஒரு செயலி உள்ளே இயங்குகையில் ஏனையவை காத்திருந்தன. பழைய நிரலைப் பெரிதும் திருத்தாமலே புதிய வன்பொருளில் இயக்க இவ்வழி உதவியது. ஆயின், செயலிகளின் எண்ணிக்கை கூடக் கூடக் காத்திருப்பும் கூடியது. இதுவே அக்கடனின் வட்டி.

நீக்கத்தின் இடர்ப்பாடு

பின்வந்த பதிப்புகளில் பல பகுதிகள் தமக்கெனத் தனிப்பூட்டுகளைப் பெற்றன. எனினும் எஞ்சிய இடங்களில் பெரும்பூட்டை அகற்றுவது எளிதாக இல்லை. பொதுவாக ஒரு பூட்டு குறித்த ஒரு தரவைக் காக்கும். பெரும்பூட்டோ எத்தரவைக் காக்கிறது என்னும் வரையறையின்றி நிரற்பகுதிகளைச் சூழ்ந்து நின்றது. அதனை வைத்திருக்கும் செயல்முறை மீண்டும் அதனைப் பெறலாம். அச்செயல்முறை உறங்கினால் பூட்டு தானே விடுபட்டு, விழிக்கையில் மீளப் பெறப்படும். இவ்வியல்புகளைச் சார்ந்திருந்த நிரல்கள் அச்சார்பை எங்கும் பதிவு செய்யவில்லை. எனவே ஒரு வரியை நீக்கினால், சோதனையில் வெளிப்படாத, அரிதாக நேரும் தரவுச் சிதைவு உண்டாகக் கூடும்.

நீக்கிய முறை

இப்பணி படிப்படியாக நிகழ்ந்தது. 2005இல் வெளியான 2.6.11 பதிப்பில், சாதன இயக்கிகளின் கட்டுப்பாட்டு அழைப்புக்குப் பெரும்பூட்டு இல்லாத புதிய வழி சேர்க்கப்பட்டது. பழைய வழியும் உடனிருந்தது. அடுத்து, பொது வழியில் இருந்த பூட்டு ஒவ்வோர் இயக்கியின் நிரலுக்குள்ளும் இறக்கப்பட்டது. இதனால் இயக்கம் மாறவில்லை; மறைந்திருந்த சார்பு மட்டும் கண்ணுக்குப் புலனாயிற்று. பின்னர் ஒவ்வோர் இயக்கியும் தனித்தனியே ஆராயப்பட்டுத் தனிப்பூட்டைப் பெற்றது அல்லது பூட்டின்றி விடப்பட்டது. 2010இல் 2.6.36 பதிப்பில் பழைய வழியே அகற்றப்பட்டமையால் புதிய இயக்கிகள் அதனை நாட இயலாமற் போயிற்று. 2011 மே மாதம் வெளியான 2.6.39 பதிப்பில் பெரும்பூட்டு முற்றிலும் நீங்கியது.

இம்முறைக்குக் கெர்னலின் ஒரு கொள்கை துணைநின்றது. பயனர் நிரல்கள் சார்ந்திருக்கும் இடைமுகம் முறியலாகாது. உள் இடைமுகங்களோ தேவைக்கேற்ப மாறலாம். புறத்தே உறுதியும் அகத்தே நெகிழ்வும் இவ்வாறு வகுக்கப்பட்டமையால், பயனர் நிரல்களைத் திருத்த வேண்டிய தேவையின்றி உள்ளமைப்பை மாற்ற இயன்றது. மாறக்கூடிய ஒவ்வொரு வடிவமைப்பு முடிவையும் ஒரு கூறுக்குள் மறைத்து வைக்க வேண்டும் என டேவிட் பார்னஸ் 1972இல் வலியுறுத்தினார். பெரும்பூட்டு பல கூறுகளிலும் பரவி நின்ற முடிவாதலால், அதனை மாற்றப் பல கூறுகளையும் தொட வேண்டியதாயிற்று.

நிறைவுரை

பெரும்பூட்டைப் பிழையான முடிவு எனல் பொருந்தாது; அக்காலத் தேவையை அது நிறைவேற்றியது. அது எதனைக் காக்கிறது என்பது உரிய இடங்களில் எழுதப்படாமையே பிற்காலச் சுமையாயிற்று. மறைந்த சார்பை முதலில் வெளிப்படுத்தல், பழையதும் புதியதும் சிலகாலம் உடனிருக்க விடுதல், பின் பழையதற்குத் திரும்பும் வழியை அடைத்தல் என்னும் மூன்றும் இவ்வரலாற்றால் பெறப்படும் நெறிகளாகும். ஒரே பதிப்பில் நுழைந்த ஒரு வசதியை முழுதும் விலக்க ஏறத்தாழ 15 ஆண்டுகள் தேவைப்பட்டன என்பது, தற்காலிகத் தீர்வுகளை ஏற்கும்போதே அவற்றின் காரணத்தையும் பதிவு செய்ய வேண்டியதன் இன்றியமையாமையை உணர்த்துகிறது.