தலையில் கட்டிய சரக்கும் டிக்கியில் வந்த இறக்கையும்

கேட்காத சரக்கைக் கம்பெனி நம் தலையில் கட்டுவது மளிகைக் கடைக்காரர் மட்டுமே படும் தொல்லை அன்று. 1970-ல் அமெரிக்காவில் கார் விற்ற டீலர்களும் இதே தொல்லையைப் பட்டார்கள். அவர்கள் கடை வாசலில் வந்து நின்றது, பின்பக்கம் உயரமான இறக்கை வைத்த ஒரு கார். அந்த இறக்கை ஏன் வந்தது, எப்படி விலைபோகாமல் நின்றது, அதைக் கார்மீது பொருத்துவது எப்படி என்று பார்த்தால் வணிகர்களாகிய நமக்கும் அதில் பாடம் உண்டு.

இறக்கை எதற்கு?

காரின் பின்பக்கம் வைக்கும் இதை ஸ்பாய்லர் என்பார்கள். கார் வேகமாக ஓடும்போது கூரைமேல் வழிந்து வரும் காற்று, பின்பக்கத்தை மேலே தூக்கப் பார்க்கும். பின்சக்கரங்கள் தரையை அழுத்திப் பிடிக்காவிட்டால் வளைவில் வண்டி வழுக்கும். ஸ்பாய்லர் அந்தக் காற்றோட்டத்தைக் கலைத்துத் தூக்குவிசையைக் குறைக்கிறது. சற்று உயரத்தில் நிற்கும் இறக்கையோ காற்றையே கொண்டு வண்டியின் பின்பக்கத்தைக் கீழே அழுத்துகிறது.

இந்த விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 30 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளதைவிட 120 கிலோமீட்டர் வேகத்தில் 16 மடங்கு. ஆகவே பந்தயத் தடத்தில் இது வேலை செய்யும் உறுப்பு. கடைத்தெருவில் ஓட்டினால் அலங்காரம்தான்.

கடையில் விற்றால்தான் பந்தயம்

அமெரிக்காவில் நாஸ்கார் என்ற பந்தய அமைப்பு ஒரு விதி வைத்திருந்தது. பந்தயத்தில் ஓடும் கார், பொதுமக்களுக்கு விற்கும் காராகவும் இருக்க வேண்டும். 1969-ல் டாட்ஜ் கம்பெனி சார்ஜர் டேடோனா என்ற இறக்கை வைத்த காரைக் கொண்டுவந்தபோது 500 கார்கள் செய்தால் போதும் என்றிருந்தது. மறு ஆண்டு விதி இறுகியது. இரண்டு டீலருக்கு ஒரு கார் வீதம் செய்தாக வேண்டும் என்றார்கள். அதன்படி பிளிமத் கம்பெனி தன் சூப்பர்பேர்டு காரை ஏறக்குறைய 1,900 என்ற எண்ணிக்கையில் செய்து டீலர்களுக்கு அனுப்பியது.

பந்தயத்தில் கம்பெனிக்கு நல்ல பெயர். 1970-ல் டேடோனா 500 பந்தயத்தை சூப்பர்பேர்டு வென்றது. ஆனால் டீலர் கடையில் கதை வேறு. கூரான மூக்கும் உயரமான இறக்கையும் வைத்த காரை வீட்டுக்கு ஓட்டிப்போகப் பலர் தயங்கினார்கள். சரக்கு தேங்கியது, முதல் முடங்கியது. சில டீலர்கள் இறக்கையையும் மூக்கையும் கழற்றிவிட்டுச் சாதாரணக் காராக மாற்றி விற்றார்கள். அடுத்த ஆண்டே நாஸ்கார், இறக்கை வைத்த கார்களுக்குச் சிறிய எஞ்சின்தான் என்று கட்டுப்பாடு போட்டதும் அந்த வகையின் பந்தய வாழ்வு முடிந்தது.

2022-ல் இதே சூப்பர்பேர்டு ஒன்று அமெரிக்காவில் 16 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அன்று கழற்றியவர்கள் ஏமாளிகளா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஐம்பது ஆண்டு கழித்து விலை ஏறும் என்று சரக்கை வைத்துக் காத்திருப்பவர் சேகரிப்பாளர். மாதம் பிறந்தால் வட்டியும் வாடகையும் கட்ட வேண்டியவர் வியாபாரி. இருவர் கணக்கும் ஒன்றாக முடியாது.

டிக்கிக்குள் வந்த இறக்கை

ஐரோப்பாவிலும் பந்தயத்துக்கு இதே போன்ற விதி இருந்தது. 1973-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ கம்பெனி தன் 3.0 சி.எஸ்.எல். காருக்கு டிக்கி மூடியின் மேல் பொருத்தும் இறக்கையைச் செய்தது. ஆனால் ஜெர்மனியின் சாலைச் சட்டம் அந்த இறக்கையை அனுமதிக்கவில்லை. பந்தயத்துக்கு அது விற்ற காரோடு போயிருக்க வேண்டும். சாலையிலோ அது பொருந்தியிருக்கக் கூடாது. கம்பெனி என்ன செய்தது? இறக்கையைத் தனியாக டிக்கிக்குள் வைத்துக் காரை விற்றது. வேண்டியவர் தாமே பொருத்திக்கொள்ளலாம். அந்தக் கார் 1973-லும், பிறகு 1975 முதல் 1979 வரை ஒவ்வோர் ஆண்டும் ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன் பட்டம் வென்றது.

சூப்பர்பேர்டில் இறக்கை உடலோடு சேர்ந்தே வந்தது. வேண்டாதவருக்கு அதைக் கழற்றுவதே ஒரு வேலை. சி.எஸ்.எல். காரில் தேர்வு வாங்கியவர் கையில் இருந்தது.

மூடியில் பொருத்தும் முறை

பழைய காருக்கு ஸ்பாய்லர் வைக்க விரும்புவோர் முதலில் அவரவர் ஊர்ச் சட்டத்தை விசாரிக்க வேண்டும். பிறகு கிடைத்தால் இன்னொரு பழைய டிக்கி மூடியை வாங்கி அதில்தான் துளை போட வேண்டும். காரோடு பிறந்த மூடியைத் துணி சுற்றிப் பத்திரப்படுத்தலாம். துளை போட்ட தகட்டை அடைத்துப் பெயிண்ட் அடிக்கலாம். பழையபடி ஆக்க முடியாது. பழைய காரின் மதிப்பே மாறாத நிலையில்தான் இருக்கிறது.

மூடியின் இரு ஓரத்திலிருந்தும் அளந்து நடுக்கோடு குறிக்க வேண்டும். பெயிண்ட் மேல் காகித டேப் ஒட்டி, ஸ்பாய்லரின் அடிப்பகுதியைக் காகிதத்தில் வெட்டி வைத்துப் பார்க்க வேண்டும். மூடியின் உட்புறம் உள்ள பலகைச் சட்டங்கள் துளைக்குக் குறுக்கே வருகின்றனவா என்று குனிந்து பார்ப்பது அவசியம். பிறகு புள்ளி குத்தி, முதலில் சிறு துளை, அடுத்து வேண்டிய அளவு துளை.

துளையின் வெறும் விளிம்பில் பிரைமரும் பெயிண்டும் பூசாவிட்டால் அங்கிருந்துதான் துரு தொடங்கும். இரும்புத் துகள்களைத் துடைத்தெடுக்க வேண்டும். மூடி அலுமினியமாக இருந்தால் இரும்பு போல்ட் அதில் நேரடியாகப் படக் கூடாது. ஈரம் பட்டதும் அலுமினியம் அரிக்கும். நைலான் அல்லது ரப்பர் வாஷர் இடையில் வேண்டும். போல்ட்டுகளை ஒன்றை முழுதாக இறுக்காமல் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்க வேண்டும். கடைசியில் தண்ணீர் பீய்ச்சி டிக்கிக்குள் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கனம் கூடிய மூடி திறந்த நிலையில் நிற்காமல் தலைமேல் விழக்கூடும். அப்படியானால் கீல் ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும்.

நமக்கு

புதிய சரக்கோ, புதிய கடை முகப்போ, ஒன்றோடு ஒன்று கட்டி வரும் இனாமோ எது வந்தாலும் இரண்டு கேள்வி கேட்போம். இதனால் ஆதாயம் வாடிக்கையாளருக்கா, அனுப்பியவருக்கா? பிடிக்காவிட்டால் நட்டமில்லாமல் கழற்றி வைக்க முடியுமா? இரண்டுக்கும் திருப்தியான பதில் வந்த பிறகு கொள்முதல் சீட்டில் கையெழுத்துப் போடுவோம்.